நீர் வழியும் நகர் வழியும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் தமிழாசிரியர்; பிள்ளைகட்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதே எம் தொழில். ஆதலின், புலவர் ஒருவரைப் பற்றியோ நூல் ஒன்றைப் பற்றியோ பேசுவோம் என நீங்கள் எதிர்பார்த்திருத்தல் இயல்பே. ஆயினும், இன்று எஞ்சினீயர் ஒருவரைப் பற்றியும், வெள்ளத்தால் அழிந்த ஒரு நகரத்தை அவர் நோக்கிய நோக்கைப் பற்றியும் பேச முற்படுகின்றோம். தமிழ்ப் பண்டிதனுக்கு எஞ்சினீயரிடத்து என்ன வேலை என்று வினவுவார்க்கு விடை இப்பேச்சின் இறுதியிற் கிடைக்கும். நம் சங்கம் கட்டக் கருதியிருக்கும் மாணவர் விடுதிக்கும் இப்பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை மட்டும் இப்பொழுதே கூறிவைக்கின்றோம்.

ஐதராபாத்து நகரம் 1591-ஆம் ஆண்டில் குதுப்ஷாகி மரபினரான முகம்மது குலி என்னும் அரசரால் அமைக்கப்பெற்றது. அந்நகரின் ஊடே மூசி என்னும் ஆறு ஓடுகின்றது. மேற்கே விகாராபாத்தை அடுத்துள்ள அனந்தகிரி மலைகளில் தோன்றி, ஈசி என்னும் துணையாற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, நகரைக் கடந்து சென்று கிருஷ்ணையிற் கலப்பது அது. ஆண்டின் பெரும்பகுதியில் அது மெலிந்தே ஓடும். மெலிந்து ஓடும் ஆற்றைக் கண்டு அஞ்சுவார் யார்? ஆகவே மக்கள் அதன் இரு கரைகளையும் நெருங்கி வீடு கட்டினர், கடை வைத்தனர், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 28-ஆம் நாள் அவ்வாறு தன் பழைய இடத்தைத் திரும்பக் கேட்டது. நகருக்கு அணித்தாகிய சம்சாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குல மழை பெய்தது. ஆறு கரைகடந்து ஊருக்குட் புகுந்தது. பாலங்கள் சிதைந்தன, வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிந்தன. மாண்டவர் ஏறத்தாழ 15,000 பேர் என மதிப்பிடுவர். அரசு மருத்துவமனை வளாகத்தில் நின்ற புளியமரம் ஒன்றன்மேல் ஏறி நூற்றைம்பதின்மர்க்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர் என்பர். ஒரு நகரம் முழுவதும் கட்டிய மதில்களும் மாளிகைகளும் காப்பாற்றாத உயிர்களை ஒரு புளியமரம் காப்பாற்றியது என்பதை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் உருகுகின்றது அன்றோ?

அக்காலத்து நிஜாமாக இருந்த மகபூப் அலி கான் அவர்கள் துயருற்றார்க்குப் புகலிடம் அளித்ததோடு அமையவில்லை. இக்கேடு மீண்டும் நிகழாதிருத்தற்கு வழி யாது என ஆராய விரும்பினார். அதற்கென அழைக்கப்பெற்றவரே விசுவேசுவரய்யா அவர்கள். மைசூர் நாட்டில் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரிற் பிறந்து, பூனாவில் எஞ்சினீயர் கல்வி கற்று, பம்பாய் மாகாணத்து மராமத்து இலாகாவில் ஏறத்தாழ 24 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். பின்னாளில் மைசூர்த் திவானாக விளங்கியதும், 1955-இல் பாரத ரத்தினம் என்னும் பட்டம் பெற்றதும், நூறாண்டு வாழ்ந்து 1962-இல் மறைந்ததும் நீங்கள் அறிந்தனவே. ஓய்வுபெற்று மேனாடுகளைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஐதராபாத்திலிருந்து அழைப்பு அவரை அடைந்தது. 1909-ஆம் ஆண்டில் அவர் அந்நகருக்கு வந்தார்.

இனி, அவர் செய்த முதற் காரியத்தைக் கூர்ந்து நோக்குவோம். வெள்ளத்தால் அழிந்தது நகரம். ஆதலின் நகருக்குள்ளேயே கரையை உயர்த்துவோம், மதிலைப் பெருக்குவோம் என்றுதான் நம் போன்றோர் எண்ணுவோம். விசுவேசுவரய்யாவோ நகரத்தை நோக்கிய கண்ணை மேற்றிசைக்குத் திருப்பினார். நகருக்கு மேலே ஏறத்தாழ 860 சதுர மைல் பரப்பில் விழும் மழை முழுவதும் இந்த ஆற்றின் வழியே இறங்கவேண்டும் என்று கண்டார். அப்பரப்பில் எத்துணை ஏரிகள் உள்ளன என்று எண்ணினார்; 788 இருந்தன. சதுர மைலுக்கு ஏறக்குறைய ஓர் ஏரி! அவற்றுள் 221 ஏரிகள் அம்மழையில் உடைந்திருந்தன. மேல் ஏரி உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழ் ஏரியின்மேற் பாயும். கீழ் ஏரி தன் நீரையும் மேல் ஏரி நீரையும் ஒருங்கே தாங்கமாட்டாது உடையும். அவ்விரண்டும் சேர்ந்து மூன்றாவதை உடைக்கும். இங்ஙனம் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து பெருகிய நீர் நகரை அடைந்தபொழுது வினாடிக்கு 4,25,000 கன அடி என்னும் அளவில் வந்தது எனக் கணக்கிட்டார். நகரில் நேர்ந்த கேடு நகருக்கு வெளியே தோன்றிய கேடு என்பதே அவர் கண்ட முதல் உண்மை.

இரண்டாவது உண்மை அதனினும் நுட்பமானது. ஆற்றுக்குக் கரை உயர்த்துவதைக் காட்டிலும், நகரை அடையுமுன்னரே வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, ஆறு தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக விடுதலே தக்கது என்று அவர் கூறினார். இதன்பொருட்டு மூசியின் குறுக்கே ஒன்றும் ஈசியின் குறுக்கே ஒன்றும் ஆக இரு பெருநீர்நிலைகள் நகருக்கு மேலே அமையவேண்டும் என்றார். அவர் கருத்தின்வழி எழுந்தவையே 1920-இல் முடிந்த உஸ்மான் சாகரும் 1927-இல் முடிந்த இமாயத் சாகரும் ஆகும். வெள்ளம் தடுப்பதற்கெனப் பிறந்த அவை நகர மக்களுக்குக் குடிநீரும் ஊட்டின.

மூன்றாவதாக, நகருக்கு உள்ளே செய்யவேண்டிய திருத்தங்களையும் அவர் மறந்தாரல்லர். கழிவுநீர் நிலத்தின்கீழ்க் குழாய்வழியே செல்லவேண்டும் என்றும், ஆற்றங்கரைகள் வீடுகள் நெருங்கிய இடமாக இல்லாமற் பூங்காவும் நடைவழியும் உடையனவாக இருத்தல்வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். 1912-இல் நகரச் சீர்திருத்தக் கழகம் ஒன்று நிறுவப்பெற்றது. உயர்நீதிமன்றமும் உஸ்மானியா மருத்துவமனையும் ஆற்றை நோக்கி எழில்பெற நிமிர்ந்து நிற்கும் காட்சி அக்காலத்து முயற்சியின் பயனாகும்.

இவ்விடத்தில் யாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம், கணக்காசிரியர்கள் பொறுப்பார்களாக. உஸ்மான் சாகரின் கொள்ளளவு ஏறத்தாழ 390 கோடி கன அடி. இமாயத் சாகரின் கொள்ளளவு ஏறத்தாழ 297 கோடி கன அடி. 1908-இல் வந்த வெள்ளம் உச்சநிலையில் ஓடியபடியே ஓடுமாயின், இரண்டு நீர்நிலைகளும் முற்றும் வெறுமையாக இருந்தாலும் நான்கரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். உச்சவெள்ளம் நெடுநேரம் நில்லாது என்பதும், மதகுகள்வழியே நீர் சென்றுகொண்டேயிருக்கும் என்பதும் மெய்யே. ஆயினும் இக்கணக்கு நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. அணை நிரம்பியிருந்தால் வெள்ளத்தைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. வெள்ளத்திற்குக் காவல் அணையிலுள்ள நீரன்று, அணையிலுள்ள வெற்றிடமே.

அன்பர்களே, இங்கேதான் நகரை ஆள்வோர்க்கு இடர்ப்பாடு தோன்றுகின்றது. குடிநீர் வேண்டுவோர் ஏரி நிரம்பியிருக்க விரும்புவர். வெள்ளத்திற்கு அஞ்சுவோர் அது குறைந்திருக்க விரும்புவர். விரும்புவோர் இருவரும் ஒரே நகரத்து மக்களே. பல்கால் ஒரே மனிதரே! மார்கழியில் ஏரியைத் திறக்கவில்லையே என்று வைதவரே வைகாசியில் ஏன் திறந்தீர் என்று வைவார்.

இஃது ஐதராபாத்திற்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. நம் சென்னையை எடுத்துக்கொள்வோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நாளில் தொடங்கி மறுநாட் காலைக்குள் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியிருந்தது. அதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பெற்றது. ஏரியின் கீழுள்ள சிற்றேரிகளும் ஓடைகளும் சுமந்துவந்த நீரும் அதனோடு சேர்ந்தது. அடையாற்றின் கரையில் வாழ்ந்தோர் நள்ளிரவில் மாடிக்கு ஓடினர். மாடி இல்லாதார் மாண்டனர். முன்னரே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாகாதா என்னும் வாதம் அதன்பின் நெடுங்காலம் நடந்தது. நான்கு ஆண்டுகள் கழிவதற்குள், 2019-ஆம் ஆண்டு கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை மாதத்திற் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் தண்ணீர் ஏற்றிக் கொணர்ந்தார்கள். நீரில் மூழ்கிய நகரமே நீருக்குக் கையேந்தியது. இவ்விரண்டும் வெவ்வேறு துன்பங்கள் அல்ல. நீர் தங்குதற்கு இடம் இன்மை என்னும் ஒரு துன்பத்தின் இரு முகங்களே.

தங்குதற்கு இடம் பண்டு இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரையில் நீண்டு கிடந்த பேரேரி ஒன்று சென்னையில் இருந்தது. 1920-ஆம் ஆண்டுகளில் அதனைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். ஏரி மறைந்தது, ஆயினும் மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் காணும் தெரு என்னும் பொருள்பட 'லேக் வியூ ரோடு' இன்றும் உண்டு. நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரைத் தெரு என்னும் பொருள்பட 'டாங்க் பண்டு ரோடு' இன்றும் உண்டு. வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடமும் ஏரி இருந்த இடமே. பெயர்ப்பலகைக்கு உள்ள நினைவு நமக்கு இல்லாது போயிற்று! கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவர்க்கு, வான் தந்த நீர் கிடந்த இடத்தைத் தூர்த்துக் கோட்டம் எடுத்திருக்கின்றோம்.

ஐதராபாத்திலும் மறதி நேர்ந்தது. விசுவேசுவரய்யாவின் கருத்தில் எழுந்த இரு நீர்நிலைகளையும் காக்கும்பொருட்டு, 1996-இல் அரசினர் ஓர் ஆணை பிறப்பித்து, அவற்றைச் சூழ்ந்த 84 ஊர்களிற் பெருங்கட்டடங்கள் எழுவதைத் தடுத்தனர். நகரம் வளர்ந்தது, நிலத்தின் விலையும் வளர்ந்தது, 2022-இல் அத்தடையைத் தளர்த்தி மற்றோர் ஆணை பிறந்தது. அதற்கு இரண்டாண்டுகட்கு முன்னரே, 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் பெய்த பெருமழையில், ஏரிகள் நிரம்பி வழிந்து, தாழ்ந்த பகுதிகள் பல நாள் நீரில் நின்றன. உயிர்களும் பல மடிந்தன. எஞ்சினீயர் எழுதிய அறிக்கை ஏட்டில் உள்ளது. ஆறும் தன் இடத்தை மறக்கவில்லை. மறந்தவர் மக்களே.

நிற்க. தமிழாசிரியர் என்னும் முறையில் ஒன்று கூற விரும்புகின்றோம். நம் முன்னோர் ஏரியின் உறுப்புக்களுக்கு இட்ட பெயர்களை நோக்குங்கள். நீர் பரவி நிற்கும் இடம் உள்வாய். அதனைத் தாங்குவது கரை. பயிருக்கு நீர் விடுவது மதகு. மிகுந்த நீர் தானே வழிந்து வெளியேறுமாறு கரையைச் சிறிது தாழ்த்திக் கல்லாற் கட்டிய இடம் கலங்கல். அவ்வாறு வெளியேறிய நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும் வழி மறுகால். மதகு மனிதன் திறந்தால் திறக்கும். கலங்கலோ யாருடைய ஆணையையும் எதிர்பாராது. அளவு மிகுந்தால் நீர் போகட்டும் என்று, கட்டும்பொழுதே இசைவு தந்துவிட்ட இடம் அது. கலங்கல் இல்லாத ஏரி உடையும். மறுகால் இல்லாத நகரம் மூழ்கும். நம் பள்ளிப் பிள்ளைகள் இன்று இச்சொற்களை அகராதியிற் பார்த்துப் பொருள் எழுதுகின்றனர். சொல் மறைந்தபின் பொருளும் மறைதல் இயல்பே. பொருளைத் தூர்த்ததனாற் சொல் மறைந்தது என்பதும் பொருந்தும்.

பிறர்க்கு அறிவுரை கூறுமுன் எம் பிழையை இவ்வவையில் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்னர் யாம் ஒரு மனை வாங்கினோம். சித்திரை மாதத்தில் அவ்விடத்தைப் பார்த்தோம். நிலம் வறண்டு, சமனாக, அழகாக இருந்தது. விற்றவர் பட்டாவும் வில்லங்கச் சான்றும் காட்டினார். அவற்றில் குற்றம் ஒன்றும் இல்லை. கடன் வாங்கி வீடு கட்டிக் குடியேறினோம். மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் ஓரிரவு வாயிற்படியில் நீர் நின்றது; விடிவதற்குள் கட்டிலின் கால் மறைந்தது. எம் அன்னையாரைத் தோளிற் சுமந்துகொண்டு, எம் மனைவியாரும் மக்களும் உடன்வர, பள்ளிக்கூடத்து மாடியில் ஐந்து நாள் தங்கினோம். திரும்பி வந்து பார்த்தபொழுது, எம் ஆசிரியர் தம் கையாற் குறிப்பெழுதி எமக்கு அளித்த இலக்கண நூல்கள் நீரில் ஊறிக் கூழாகிக் கிடந்தன. பணத்தாற் பெறத்தக்க பொருள்கள் பல போயின. அவற்றைப் பின்னர்ப் பெற்றோம். அந்நூல்களைப் பெறுதற்கு வழி இல்லை.

அப்பொழுது அவ்வழியே வந்த முதிய உழவர் ஒருவர் எம்மை நோக்கி, "வாத்தியாரையா, இது ஏரி உள்வாய் ஆயிற்றே! நீங்கள் பத்திரத்தைச் சித்திரையில் எழுதினீர்கள், ஏரி ஐப்பசியில் வந்து படித்துப் பார்த்தது" என்றார். உள்வாய் என்னும் சொல்லுக்குப் பல்லாண்டு பொருள் கற்பித்த யாம், அதன் பொருளை அன்றுதான் கற்றோம். அவ்வுழவரை வாங்குமுன் கேட்டிருப்போமாயின், ஒரு வெற்றிலைப் பாக்குச் செலவில் உண்மை தெரிந்திருக்கும்.

இனி, நம் விடுதிக்கு வருவோம். வெளியூரிலிருந்து படிக்க வரும் நம் பிள்ளைகள் தங்குதற்கு இடமின்றி அல்லற்படுவதைக் கண்டு மனம் நொந்த நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், ஊருக்கு மேற்கே பெருஞ்சாலையை அடுத்துத் தமக்கு உரியதாகிய 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தை விலையின்றி அளிக்க முன்வந்திருக்கின்றார்கள். இன்றைய விலைவாசியில் இத்தகைய கொடையை எண்ணினால் கை தானே குவிகின்றது. அவர்கள் இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். யாம் இனிக் கூறுவது அவர்கள் உள்ளத்தைச் சிறிதும் புண்படுத்தலாகாது என்னும் அச்சத்தோடேயே கூறுகின்றோம்.

எம்மிடம் பயின்று எஞ்சினீயராகி நகராட்சிப் பணியில் இருக்கும் இளைஞர் ஒருவர் உளர். சென்ற கார்த்திகை மாதத்தில் அவரை அழைத்துக்கொண்டு அந்நிலத்தைப் பார்க்கச் சென்றோம். அவர் நிலத்துக்குள் இறங்கவேயில்லை. முதலில் சாலையோரமாகவே நடந்து சென்று ஓரிடத்தில் நின்று, "ஐயா, இங்கே பாருங்கள்" என்றார். சாலையின் கீழே சிறுபாலம் ஒன்று இருந்தது. அதன் வாய் நம் நிலத்தை நோக்கியிருந்தது. "வறண்ட தரையில் யாரும் பாலம் கட்டமாட்டார்கள். அந்நாளில் இந்தச் சாலையைப் போட்டவர் நீர் வருவதைக் கண்ணாற் கண்டே இதைக் கட்டியிருக்கிறார். ஒரு நிலத்தின் வரலாறு தெரியவேண்டுமானால் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் பாலத்தைப் பாருங்கள்" என்றார். விசுவேசுவரய்யா மேற்றிசையை நோக்கியது எமக்கு நினைவுக்கு வந்தது.

பின்னர் அவர் மட்டக்கருவி வைத்து அளந்தார். சாலையை ஒட்டிய கிழக்குப் பகுதி 40 சென்ட் மேடாக உள்ளது. மேற்குப் பகுதி 80 சென்ட் அதனினும் நான்கு அடி தாழ்ந்தது. அத்தாழ்ந்த பகுதியின் வழியாகவே மேலேரியின் மறுகால் நீர் சென்று, அப்பாலுள்ள வாய்க்காலை அடைகின்றது. புலப்படத்தைப் பார்த்தபொழுது ஓடைக்கோடு நிலத்தின் எல்லைவரை வந்து அங்கே நின்றுவிடுகின்றது. காகிதத்திற் கோடு நிற்கலாம், நீர் நிற்குமா?

மண் கொட்டி நிரப்பிவிடலாமே என்று செயற்குழுவில் அன்பர் ஒருவர் கூறினார். நிரப்பலாம். 80 சென்ட் நிலத்தை நான்கு அடி உயர்த்த ஏறத்தாழ 1,400 யூனிட் மண் வேண்டும். செலவை நன்கொடையாக எப்படியேனும் திரட்டிவிடுவோம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், அம்மண் கிடக்கும் இடத்தில் இதுவரை நின்ற நீர் எங்கே போகும்? அஃது ஏறத்தாழ 39 லட்சம் லிட்டர். நிலத்திற்குத் தென்புறம் ஒரு தெரு உள்ளது; ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் நிறைந்தது. அந்நீர் அத்தெருவுக்குப் போகும். அங்கே வாழ்வோர் நம்மவர் அல்லர். நம் சங்கத்தில் அவர்க்கு இடம் இல்லை. நம் விடுதியில் அவர் பிள்ளைகள் தங்கப்போவதும் இல்லை. நம் பிள்ளைகள் உலர்ந்த அறையில் அமர்ந்து பாடம் படிக்க, அவர் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு நீரில் நிற்பதற்கு நாம் காரணராவோமாயின், அவ்விடுதியிற் கற்ற கல்வி நம் பிள்ளைகட்கு என்ன பயன் தரும்? சங்கம் நம் குலத்தாரின் நன்மைக்கென ஏற்பட்டது என்பது உண்மை. பிறர் வாயிலில் நீரைத் தள்ளுவது குலத்திற்கு நன்மை என்று எந்தப் பெரியவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. நீர் குலம் கேட்டுப் பாய்வதில்லை. அதனைத் தள்ளிவிடும் நாம்தான் கேட்டுத் தள்ளுகின்றோம்.

ஆயின், கொடையை மறுப்பதா? மறுத்தல் கூடாது. எம் கருத்து இது: மேடாகிய 40 சென்டில், அடித்தளத்தைச் சாலைமட்டத்திற்கு மேல் உயர்த்தி, மூன்று மாடியாக விடுதியைக் கட்டுவோம். பரந்த கட்டடம் அன்று, உயர்ந்த கட்டடம். தாழ்ந்த 80 சென்டைத் தூர்க்காது, இன்னும் சிறிது ஆழப்படுத்திக் குளமாக்குவோம். சிறுபாலத்திலிருந்து வரும் நீர் அதில் இறங்கவும், மிகுந்தது கலங்கல்வழியே வாய்க்காலை அடையவும் வழிசெய்வோம். கரையில் மரம் நடுவோம். அவற்றுள் ஒன்று புளியமரமாக இருக்கட்டும். குளத்திற்குக் கொடையாளரின் பெற்றோர் பெயரை இடுவோம். முற்காலத்திற் குளம் தொட்டார் பெயரைக் கல்லில் வெட்டினார்கள் என்று கல்வெட்டுக்கள் கூறுகின்றன. விடுதிக்கு இடம் கொடுத்தவர் என்னும் புகழோடு, குளம் தொட்டவர் என்னும் பழம்புகழும் நம் பெரியவர்க்கு உரியதாகும்.

விடுதியின் கூரையில் விழும் நீரையும் வீணாக்குதல் ஆகாது. மழைநீர்ச் சேமிப்பு அமைப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் 2003 முதல் நம் மாநிலத்திற் கட்டாயமாக்கப்பெற்றுள்ளது. பல வீடுகளில் அஃது ஒரு குழாயாகப் பெயரளவில் நிற்கின்றது. ஒரு கிரவுண்டு நிலத்தின்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்நீர் 22,000 லிட்டருக்கு மேலாகும். மண்தரையாயின் அதிற் பெரும்பங்கை மண் குடிக்கும். சிமெண்டு பூசிய தரையாயின் ஏறக்குறைய முழுவதும் தெருவுக்கு ஓடும். நகரத்தில் நாம் ஒவ்வொருவரும் வீட்டு முற்றத்தைச் சிமெண்டு பூசி மெழுகிவிட்டு, வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று வானத்தை நோக்குகின்றோம். நம் விடுதி முற்றம் மண்முற்றமாகவே இருக்கட்டும்.

இப்பேச்சினால் நம் குடும்பங்கட்கும் ஒரு பயன் விளைதல் வேண்டும். நம்மிற் பலர் ஓய்வூதியப் பணத்தையும் பெண்மக்கள் நகையையும் வைத்து மனை வாங்குகின்றோம். வாங்கும் முன் ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை சென்று பாருங்கள். அருகிலுள்ள சாலைப்பாலங்கள் எத்திசையை நோக்குகின்றன என்று பாருங்கள். ஊரின் பெயரிலும் தெருவின் பெயரிலும் ஏரி, தாங்கல், ஓடை, மதகு என்னும் சொற்கள் ஒளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டாவோடு புலப்படத்தையும் பழைய பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வூரில் எழுபது வயதைக் கடந்த ஒருவரோடு திண்ணையில் அமர்ந்து அரைமணி நேரம் பேசுங்கள்.

இளைஞர்களே! நும்மிற் சிலர் எஞ்சினீயர் கல்வி கற்கின்றீர்கள். பெரிய கட்டடம் எழுப்பினால்தான் பெயர் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். இவ்விடத்திற் கட்டலாகாது என்று கூறத் துணிந்த எஞ்சினீயரும் பெரிய எஞ்சினீயரே. அவர் கட்டாது விட்ட இடத்திற்குத் திறப்புவிழா இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆயினும் ஒரு மழைநாள் இரவில் நூறு குடும்பம் அச்சமின்றி உறங்கினால், அந்த உறக்கமே அவர்க்குக் கல்வெட்டாகும்.

இப்பொருள்பற்றி முடிவு செய்ய வேண்டியது இவ்வவை. யாம் கூறியவற்றுள் குற்றம் இருப்பின் பெரியோர் எடுத்துக்காட்டித் திருத்துவார்களாக. ஒன்றே ஒன்று வேண்டுகின்றோம். கையொப்பம் இடும் முன்னர் செயற்குழுவினர் அனைவரும் ஒருநாள் அந்நிலத்திற்கு வாருங்கள். சிறுபாலத்தின் அருகே நின்று மேற்கே நோக்குங்கள். அதன்பின் நீங்கள் எம்முடிவு செய்யினும் அதற்கு யாம் கட்டுப்படுவோம்.